அப்பாவின் பேச்சும் மகனின் கவிதையும்

நவீன ஆங்கிலக் கவிதை என்றதும் நம்மில் பலருக்குக் கல்லூரிப் பாடத்தில் படித்த டி.எஸ்.எலியட்டும், அவரைப் புரிந்துகொள்ள வாங்கிய நோட்ஸ் புத்தகமும்தான் நினைவுக்கு வரும். பரீட்சை முடிந்ததோடு அந்த உறவும் முடிந்துவிட்டது. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் பிரிட்டனில் எழுதப்பட்ட கவிதைகளில் ஒரு பகுதி, வீட்டில் ஒரு பேச்சும் வெளியில் வேறொரு பேச்சுமாக வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் நெருக்கமானது. குரல், படிமம், அடையாளம் என்று விமரிசகர்கள் மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். இந்தக் கவிஞர்களுக்கு அவை மூன்றும், 'நான் எந்தப் பேச்சில் எழுதுவது?' என்ற ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை.

இந்தக் கேள்வி வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள லீட்ஸ் நகரில் 1937-இல் பிறந்த டோனி ஹாரிஸன் அசல் ஆங்கிலேயர்தான். அப்பாவுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. பையன் படிப்பில் கெட்டிக்காரன். பதினோரு வயதில் உதவித்தொகை பெற்று, வசதியுள்ளவர்களின் பிள்ளைகள் படிக்கும் லீட்ஸ் கிராமர் பள்ளியில் சேர்ந்தான். அங்கே ஒரு நாள் கீட்ஸின் கவிதையை அவன் வாசிக்கத் தொடங்கியதும் ஆசிரியர் நிறுத்தினார். லீட்ஸ் தெருக்களின் உச்சரிப்பில் கீட்ஸைக் கேட்க அவருக்குப் பொறுக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் அவனுக்குக் கிடைத்த வேடம், குடிபோதையில் உளறும் வாயில்காப்போன். அரசர்கள் கவிதையில் பேசலாம், இவனைப் போன்றவர்கள் சிரிப்பு மூட்ட உரைநடையில் பேசலாம் என்பது ஏற்பாடு. தெருக்கூத்தில் ராஜா பாட்டும் வசனமுமாக முழங்க, கட்டியங்காரன் கொச்சையில் பேசிச் சிரிக்க வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது.

பின்னாளில் 'தெம் அண்ட் அஸ்' என்ற கவிதையில் ஹாரிஸன் இதற்குக் கணக்குத் தீர்த்தார். அந்தக் கணக்கில் ஒரு சுவையான நியாயம் இருக்கிறது. கீட்ஸே லண்டனில் வாடகைக் குதிரை லாயம் நடத்தியவரின் மகன். 1818-இல் ஒரு பத்திரிகை விமரிசகர் அவரை லண்டன் சேரிப் பேச்சுக்காரர்களின் கூட்டத்தில் சேர்த்து ஏளனம் செய்தார். வேர்ட்ஸ்வொர்த் வடக்கே கம்பர்லாந்தில் பிறந்தவர். அவருடைய சில இயைபுகள் வடநாட்டு வாயில் சொன்னால்தான் பொருந்தும், பி.பி.சி. உச்சரிப்பில் சொன்னால் தவறிப்போகும். ஆக, பள்ளிக்கூடம் எந்தப் பேச்சை மட்டம் என்று ஒதுக்கியதோ, அதே வகைப் பேச்சு அது போற்றிய கவிதைகளுக்குள்ளேயே ஒளிந்து கிடந்தது.

ஹாரிஸன் பள்ளிக்கூடத்தின் மீது கோபித்துக்கொண்டு அது கற்றுக்கொடுத்ததை வீசி எறிந்துவிடவில்லை. கிரேக்கமும் லத்தீனும் ஆழ்ந்து கற்றார். லண்டன் நேஷனல் தியேட்டருக்காக எஸ்கிலஸின் நாடகங்களை அவர் மொழிபெயர்த்தது 1981-இல் மேடையேறியது. 1978-இல் வெளியான தம் கவிதை வரிசைக்கு, ஜார்ஜ் மெரிடித் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் கையாண்ட பதினாறு வரிப் பாவகையை எடுத்துக்கொண்டார். கறாரான யாப்பு. அதற்குள் அப்பாவின் சமையலறைப் பேச்சை அப்படியே உட்கார வைத்தார். வெண்பாவுக்குத் தளை தட்டாமல் மதுரைப் பேச்சைப் பிடித்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார்த்தால் இந்தச் சாதனை விளங்கும்.

ஆனால் இந்தக் கவிதைகள் என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. பையன் படித்து முன்னேற வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அவனுடைய பெற்றோர்தாம். அவனும் படித்தான். அந்தப் படிப்பே அவனுக்கும் அப்பாவுக்கும் நடுவே சுவராக நின்றது. 'புக் எண்ட்ஸ்' என்ற கவிதையில் அம்மா இறந்த நாள் இரவு. அவள் கடைசியாகச் செய்து வைத்திருந்த ஆப்பிள் பணியாரத்தை அப்பாவும் மகனும் மெல்லச் சாப்பிடுகிறார்கள். கணப்புக்கு இருபுறமும் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அலமாரியில் புத்தகங்கள் சாயாமலிருக்க இரு ஓரத்திலும் வைக்கும் தாங்கிகளைப் போல இருவரும் இருப்பதாக அம்மா முன்பு சொல்லியிருக்கிறாள். படிமம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்த ஒன்றைக் காட்டலாம். தாங்கிகள் இரண்டும் ஒரே ஜாடை. அவற்றைப் பிரித்து வைப்பது நடுவில் இருக்கும் பொருள். அந்தப் பொருள் புத்தகம்!

அந்தக் கவிதையின் இரண்டாம் பகுதி இன்னும் கூர்மையானது. கல்லறைக் கல்லில் அம்மாவுக்கு என்ன எழுதுவது? அப்பா ஒரு கடித உறையின் மேல் கிறுக்கி வைத்திருக்கிறார். எழுத்துப் பிழையும் பச்சையான உணர்ச்சியுமாக இருக்கிறது அது. கவிஞனான மகன் தன் அத்தனை மொழிகளோடும் உட்கார்ந்து பார்க்கிறான். அப்பாவின் கிறுக்கலில் இருக்கும் அன்பைவிட ஓர் இழை கூட அவனால் சேர்க்க முடியவில்லை.

இன்னொரு கவிதையில், மனைவி இறந்து இரண்டு வருஷமாகியும் அவளுடைய செருப்பைக் கணப்பருகே சூடாக்கி வைக்கிறார் அப்பா. படுக்கையில் அவள் பக்கத்தில் வெந்நீர்ப் பை வைக்கிறார். அவளுடைய பஸ் பாஸைப் புதுப்பிக்கக் கூடப் போகிறார். படித்த மகனுக்கு இதெல்லாம் ஒரு மாதிரியாக இருக்கிறது. பிறகு அப்பாவும் போய்விடுகிறார். அப்போது மகன் என்ன செய்கிறான் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. 'லாங் டிஸ்டன்ஸ்' என்று தேடிப் படியுங்கள். நாலே பத்திகள்தாம். ஊரில் வயதான பெற்றோரை விட்டுவிட்டு ஞாயிறு தோறும் தொலைபேசியில் பேசுகிறவர்கள் கொஞ்சம் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு படிப்பது நல்லது.

1985-இல் வெளிவந்த 'வி' என்ற நீண்ட கவிதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கால்பந்து ரசிகர்கள் பெற்றோரின் கல்லறை மீது பெயின்ட்டால் கிறுக்கியிருந்ததைக் கண்டு, அந்தக் கிறுக்கலின் சொற்களையே கவிதைக்குள் கொண்டுவந்தார். 1987-இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானபோது நாடாளுமன்றம் வரை சத்தம் போனது. கெட்ட வார்த்தைகளை எண்ணினார்களே தவிர, வேலையற்ற அந்த இளைஞனும் கவிஞனும் ஒருவரே என்ற செய்தியை எத்தனை பேர் கேட்டார்கள் என்பது சந்தேகம். ஹாரிஸன் 2025 செப்டம்பரில் தமது 88-ஆம் வயதில் காலமானார்.

லிண்டன் க்வேஸி ஜான்ஸனின் கதை வேறு. ஜமைக்காவில் 1952-இல் பிறந்து, 1963-இல் லண்டனுக்கு வந்தவர். தம் மக்கள் பேசும் ஜமைக்கா ஆங்கிலத்தைக் காதில் விழுகிறபடியே எழுத்துக்கூட்டி எழுதினார். அகராதியில் பார்த்தால் பாதிச் சொல் பிழையாகத் தோன்றும். வாய்விட்டுப் படித்தால் தாளம் தானே வரும். அவர் தம் கவிதைகளை ரெகே இசையோடு மேடையில் சொன்னார், இசைத்தட்டாகவும் கொண்டுவந்தார். 1981 ஜனவரியில் தென்கிழக்கு லண்டனின் நியூ கிராஸ் பகுதியில், பிறந்தநாள் விருந்து நடந்த வீடு தீப்பற்றி 13 கறுப்பின இளைஞர்கள் மாண்டார்கள். நாட்டின் பெரிய மனிதர்கள் பாராமுகமாக இருந்தார்கள் என்று அந்தச் சமூகம் கொதித்தது. ஜான்ஸன் அதைத் தம் மக்களின் பேச்சிலேயே பாடினார். செய்தித்தாள் ஆங்கிலத்தில் அந்த இழவை எழுதியிருந்தால், இழவு வீட்டாரை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பவர்களிடம் பேசியது போலாகியிருக்கும். 2002-இல் பெங்குவின் நிறுவனம் தன் நவீன இலக்கியச் செவ்வியல் வரிசையில் அவருடைய கவிதைகளைச் சேர்த்தது. நம் கி.ராஜநாராயணன் 1982-இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

கிளாஸ்கோ நகரத்து டாம் லெனார்டும் இதே வேலையைச் செய்தார். அவருடைய ஒரு கவிதையில், டி.வி. செய்தி வாசிப்பவர் கிளாஸ்கோ தெருப் பேச்சிலேயே செய்தி வாசித்து, 'இப்படிப் பேசினால் நீங்கள் நம்ப மாட்டீர்களே, அதனால்தான் வேறு மாதிரி பேசுகிறேன்' என்ற பொருள்படச் சொல்கிறார். உண்மைக்கு ஓர் உச்சரிப்பு உண்டா என்ற கேள்வி சிரிப்போடு உறைக்கிறது. இதில் வேடிக்கை, 2000-த்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ. மாணவர்கள் படித்த ஒரு பாடத்தொகுப்பில் 'வேறு பண்பாட்டுக் கவிதைகள்' என்ற பகுதியில் நம் மும்பைக் கவிஞர் நிஸ்ஸிம் எசக்கியேலோடு இந்த கிளாஸ்கோக்காரரையும் சேர்த்திருந்தார்கள். லண்டனிலிருந்து பார்த்தால் பக்கத்து ஸ்காட்லாந்தும் வேறு பண்பாடு!

அதே பகுதியில் மொனிஸா ஆல்வியும் இருந்தார். லாகூரில் 1954-இல் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்து வந்தவர். அப்பா பாகிஸ்தானியர், அம்மா ஆங்கிலேயர். பாகிஸ்தானிலிருந்து அத்தைமார் அனுப்பிய பரிசுகள் பற்றிய அவருடைய கவிதை 1993-இல் வெளிவந்த நூலில் இருக்கிறது. பளபளக்கும் சல்வார் கமீஸ், கண்ணாடி வளையல், ஒட்டகத் தோல் விளக்கு என்று பார்சல் பார்சலாக வருகிறது. சிறுமி போட்டுப் பார்க்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தான் அதற்குள் பொருந்தவில்லை. பள்ளித் தோழிக்கோ அவற்றைப் பார்த்து வியக்கவும் தோன்றவில்லை. அத்தைமார் பதிலுக்குக் கேட்டது மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் கம்பளிச் சட்டை என்பது நல்ல குறும்பு. எங்கேயும் 'நான் யார்?' என்று தத்துவம் பேசாமல், துணிமணிகளை வைத்தே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். பட்டுப் பாவாடையைப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருக்கும் நம் பெண்களுக்கு உரை தேவையில்லை.

மேற்கு லண்டனில் பஞ்சாபிப் பெற்றோருக்கு 1966-இல் பிறந்த தல்ஜித் நாக்ரா, பஞ்சாபி கலந்த ஆங்கிலத்தில் கடைக்காரர்களையும் மணப்பெண்களையும் பேச வைத்தவர். 2007-இல் முதல் தொகுப்பு வந்தபோது பாராட்டு குவிந்தது. கூடவே ஒரு சங்கடமான கேள்வியும் எழுகிறது. தான் சுத்தமான ஆங்கிலம் பேசிக்கொண்டு, அப்பா அம்மாவின் உடைந்த ஆங்கிலத்தை வெள்ளைக்காரர் ரசிக்கும்படி காட்சிக்கு வைப்பது சரியா? மற்றவர்கள் கேட்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தம் கவிதையொன்றில், கோபக்காரத் தந்தை ஒருவர் மேலே சொன்ன மாதிரிப் பாடத்தொகுப்புகளை விளாசிவிட்டு, தன் வாயில் இப்படிப்பட்ட பேச்சைத் திணித்ததற்காக நாக்ராவையும் ஒரு பிடி பிடிக்கிறார். எனக்கு இந்தக் கவிதை மீது தனி மதிப்பு உண்டு. ஹாரிஸனின் அப்பாவுக்கு இப்படித் திருப்பிக் கேட்கும் வாய்ப்பு ஏனோ கிடைக்கவில்லை.

கடைசியாக சுஜாதா பட். அவர் பிரிட்டிஷ் பிரஜை என்ற கணக்கில் வருபவரல்ல. 1956-இல் அகமதாபாத்தில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, ஜெர்மனியில் குடியேறியவர். ஆனால் அவருடைய நூல்களை வெளியிடுவது மான்செஸ்டர் பதிப்பகம், நான் சொன்ன பள்ளித் தொகுப்பிலும் அவர் உண்டு. தாய்மொழியாகிய நாக்கு வாய்க்குள்ளேயே அழுகிப் போகுமோ என்ற பயத்தைப் பற்றிய அந்தக் கவிதையின் நடுவில், குஜராத்தி வரிகள் குஜராத்தி எழுத்திலேயே நிற்கின்றன. அடியில் ஆங்கில எழுத்தில் உச்சரிப்பு மட்டும், அர்த்தம் பிறகுதான். நம் சங்க விழாக்களில் தமிழ்ப் பேச்சை நாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துக்கொண்டு மேடையேறும் குழந்தைகளின் கையிலிருக்கும் காகிதம் போலவே இருக்கிறது அந்தப் பக்கம். லெஸ்டர் போன்ற ஊரில் அந்தப் பாடம் நடக்கும் வகுப்பை நினைத்துப் பார்க்கிறேன். ஆசிரியர் உச்சரிப்பைப் பார்த்துத் தடவித் தடவி வாசிப்பார். கடைசி பெஞ்சில் குஜராத்தி வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்தால், அது மட்டும் மேல் வரியைப் பார்த்தே வாசித்துவிடும்.