மனநல மருந்தும் அடங்காத பசியும்: எடை கூடுவதைத் தொடக்கத்திலேயே தடுப்பது எப்படி?

திருவனந்தபுரம்: மனநலச் சிகிச்சைக்காக மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் பலரும் மருத்துவரிடம் தயக்கத்துடன் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "மனம் தெளிந்துவிட்டது, ஆனால் பசி அடங்கவில்லை" என்பதே அது. சில மாதங்களில் சட்டை இறுகுகிறது, உறவினர்கள் கேலி செய்கின்றனர், கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் போகிறது. ஒரு கட்டத்தில் மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுகின்றனர். உண்மையான ஆபத்து அங்குதான் தொடங்குகிறது.

மனச்சிதைவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட 65 ஆய்வுகளைத் தொகுத்து, 2012-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பகுப்பாய்வு வெளியானது. அதன்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 27 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. மருந்து நிறுத்தப்பட்டு வெற்று மாத்திரை பெற்றவர்களில் இது 64 சதவீதமாக இருந்தது. எனவே, எடை கூடுவது அழகு சார்ந்த சிக்கல் மட்டும் அன்று; சிகிச்சை நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும் சிக்கலும் ஆகும்.

மறுபுறம், கூடும் எடையைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் பாதுகாப்பானது அல்ல. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே உயிரிழப்பதாக உலக சுகாதார அமைப்பு கூறுகிறது. இதற்கு இதய நோய், நீரிழிவு போன்ற உடல் நோய்கள் முக்கியக் காரணம். கேரளத்தில் இந்தக் கவலை இன்னும் கூடுதலானது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இன்டியாப்' ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் இது 14.4 சதவீதம், கேரளத்திலோ 25.5 சதவீதம்.

பசி ஏன் அடங்குவதில்லை?

இது நாக்கின் குற்றமோ மன உறுதியின் குறைவோ அன்று. மூளையில் பசியையும் நிறைவையும் கட்டுப்படுத்தும் 'ஹைப்போதாலமஸ்' பகுதியில் ஹிஸ்டமின், செரட்டோனின் ஆகிய வேதிப்பொருள்கள் "போதும்" என்ற செய்தியைக் கடத்துகின்றன. சில மனநல மருந்துகள் இந்த வேதிப்பொருள்களின் ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன. அதனால் வயிறு நிறைந்திருந்தும் நிறைவு உணர்வு எழுவதில்லை. இனிப்பு, எண்ணெய்ப் பலகாரங்களின் மீது நாட்டம் அதிகரிக்கிறது. மருந்து தரும் அயர்வால் நடமாட்டமும் குறைகிறது. அதிகம் உண்பதும் குறைவாக அசைவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் எடை விரைந்து ஏறுகிறது.

எல்லா மருந்தும் ஒன்று அல்ல

1999-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பகுப்பாய்வு, 10 வாரச் சிகிச்சையில் கூடிய சராசரி எடையைக் கணக்கிட்டது. குளோசபின் மருந்துக்கு 4.45 கிலோ, ஓலன்சபினுக்கு 4.15 கிலோ, ரிஸ்பெரிடோனுக்கு 2.10 கிலோ, சிப்ராசிடோனுக்கு 0.04 கிலோ எனத் தெரியவந்தது. குவெட்டியபினும் ரிஸ்பெரிடோனும் நடுத்தர வகையைச் சேர்ந்தவை. அரிபிப்ரசோல், லுராசிடோன் ஆகியவற்றால் எடை கூடுவது குறைவு. மனச்சோர்வுக்கான மருந்துகளில் மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் ஆகியவையும், மனநிலையைச் சமன் செய்யும் மருந்துகளில் வால்புரோயேட், லித்தியம் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை.

அப்படியானால் எடை கூட்டும் மருந்தை ஏன் எழுதித் தருகின்றனர் என்ற கேள்வி எழலாம். அமெரிக்காவில் நடந்து 2005-இல் முடிவு வெளியான 'கேட்டி' ஆய்வு இதற்கு விடை தருகிறது. அதில் ஓலன்சபின் எடுத்தவர்களில் 30 சதவீதத்தினரின் எடை 7 சதவீதத்துக்கு மேல் கூடியது. ஆனால், ஒப்பிடப்பட்ட மருந்துகளில் நோயாளிகள் அதிக காலம் தொடர்ந்து எடுத்துக்கொண்டதும் ஓலன்சபினைத்தான். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவுக்குக் குளோசபினே கைகொடுக்கிறது. பலன் தரும் மருந்தைக் கைவிடாமல், அதன் பக்கவிளைவை எதிர்கொள்வதே மருத்துவம் இன்று காட்டும் வழி.

முதல் 12 வாரங்கள் முக்கியம்

எடை பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே வேகமாக ஏறுகிறது. ஏறியபின் இறக்குவதைவிட ஏறாமல் தடுப்பது எளிது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமும் பிற அமைப்புகளுடன் இணைந்து 2004-இல் வகுத்த நடைமுறை இன்றும் பயனுள்ளது:

• மருந்து தொடங்கும் நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்தக் கொழுப்பு ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும்.
• எடையை 4, 8, 12-ஆவது வாரங்களிலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும்.
• ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை 12-ஆவது வாரத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பிறகு ஆண்டுதோறும் சோதிப்பது அவசியம்.
• தொடக்க எடையில் 5 சதவீதம் கூடினால் மருத்துவரிடம் மாற்று வழி கேட்க வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 3 கிலோ.

இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை. 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது. எடை அதிகம் கூடாதவர்களுக்கும் சர்க்கரை ஏறக்கூடும் என்பதால், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமற்ற களைப்பு ஆகியவை தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது.

பழவங்காடியைக் கடக்கும் நோயாளி

திருவனந்தபுரம் ஊளம்பாறையில் 1870-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரசு மனநல மையம் இயங்கி வருகிறது. மருத்துவமனைக்காக வெளியூர்களிலிருந்து இந்நகருக்கு வருவோர் பலரும் பேருந்து மாறும் இடம் கிழக்கேகோட்டை. அதையொட்டிய பழவங்காடி கணபதி கோயில் பகுதியிலும், 'சாலை' எனப்படும் பழைய கடைவீதியிலும் தேநீரும் பழம்பொரியும் நேந்திரம் சிப்ஸும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. ரத்தப் பரிசோதனைக்காகக் காலையில் வெறும் வயிற்றுடன் புறப்பட்டு, நண்பகலில் திரும்பும் ஒருவர் இத்தெருவைக் கடப்பது எளிதன்று. நிறைவு உணர்வை மருந்து மழுங்கடித்திருக்கும் நிலையில், பசியோடு கடைவீதிக்குச் செல்வதே முதல் தவறாகிவிடுகிறது.

இதற்கான முன்னேற்பாடு எளிமையானது. வீட்டிலிருந்தே அவித்த பயறோ, முட்டையோ, சுண்டலோ எடுத்துச் சென்று, ரத்தம் கொடுத்தவுடன் உண்டுவிடலாம். நேந்திரம் சிப்ஸில் 100 கிராமுக்கு 500 கிலோகலோரிக்கு மேல் உள்ளது. ஏறத்தாழ ஒரு முழு உணவுக்கு அது சமம். அதைப் பொட்டலமாக வாங்கி வீட்டில் வைத்தால் இரவுப் பசியில் தீர்ந்துவிடும். வாங்காமல் இருப்பதைவிடச் சிறந்த கட்டுப்பாடு இல்லை.

கவனத்துக்கு வராமலேயே உடலில் சேர்வது தேநீரில் உள்ள சர்க்கரை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 5 கிராம், அதாவது 20 கிலோகலோரி. இரண்டு கரண்டி சேர்த்த தேநீரை நாளுக்கு ஐந்து முறை அருந்தினால் 50 கிராம் சர்க்கரை சேர்கிறது. மாதக் கணக்கில் அது 6,000 கிலோகலோரி. நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. வாய் வறட்சியும் தாகமும் சில மருந்துகளின் பக்கவிளைவுகள் என்பதால், பலர் குளிர்பானத்தை நாடுகின்றனர். கேரள வீடுகளில் வழக்கமாக உள்ள சீரக நீர், பதிமுக நீர், நீர் மோர் ஆகியவை அந்தத் தாகத்தைச் சர்க்கரையின்றித் தணிக்கும்.

வயிற்றை ஏமாற்றாமல் நிறைப்பது எப்படி?

பட்டினி கிடப்பது பயன் தராது. அடுத்த வேளையில் இரு மடங்கு உண்ணவே அது தூண்டும். புரதமும் நார்ச்சத்தும் நிறைந்த உணவே நீண்ட நேரம் பசி தாங்கும். புட்டைச் சர்க்கரையும் பழமும் சேர்த்து உண்பதற்குப் பதிலாக, புட்டின் அளவைப் பாதியாக்கிக் கொண்டைக்கடலைக் கறியை இரு மடங்காக்கலாம். கஞ்சியோடு பயறு, சோற்றோடு மீன் குழம்பு, தோரன், அவியல் என உள்ளூர் உணவிலேயே வழி இருக்கிறது. தட்டில் பாதி காய்கறி, கால் பகுதி பருப்பு அல்லது மீன் அல்லது முட்டை, கால் பகுதி மட்டும் சோறு என்பது நினைவில் நிற்கும் அளவுகோல்.

வேகமாக உண்பவர்களுக்கு நிறைவு உணர்வு இன்னும் தாமதமாகும். முதல் முறை பரிமாறியதை மெதுவாக உண்டு முடித்து, 20 நிமிடம் கழித்தும் பசித்தால் மட்டும் மீண்டும் பரிமாறிக்கொள்ளலாம். இரவு மாத்திரைக்குப் பின் பசி எழுபவர்கள், உணவை முடித்து மாத்திரையை எடுத்துக்கொண்டு நேரத்தோடு உறங்கச் செல்வது உதவும். மாத்திரை நேரத்தை மாற்றுவதற்கு மருத்துவரின் ஒப்புதல் தேவை.

கவனம் தேவைப்படும் மூன்று இடங்கள்

முதலாவது, லித்தியம். இம்மருந்து எடுப்பவர்கள் எடை குறைப்பதற்காக உப்பைத் திடீரென நிறுத்துவதோ, நீர் அருந்தாமல் விரதம் இருப்பதோ ஆபத்தானது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியத்தின் அளவு ரத்தத்தில் உயர்ந்து நச்சுத்தன்மை ஏற்படலாம். ஏகாதசி ஆனாலும் ரமலான் ஆனாலும் நோன்புக்கு முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

இரண்டாவது, லுராசிடோன். இதைக் குறைந்தது 350 கிலோகலோரி உணவுடன் எடுத்தால்தான் உடல் முறையாக ஈர்த்துக்கொள்ளும். எடைக்குப் பயந்து இரவு உணவைத் தவிர்த்தால் மருந்தின் பலனும் குறையும்.

மூன்றாவது, குளோசபின். இது கடும் மலச்சிக்கலை உண்டாக்கக்கூடியது. உணவைக் குறைக்கும்போது காய்கறியும் நீரும் குறைந்துவிடக் கூடாது. மலச்சிக்கல் நீடித்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

தனியாக அல்ல, கூட்டாக

2013-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கடுமையான மனநோய் உள்ள 291 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. குழு உடற்பயிற்சியும் உணவு ஆலோசனையும் பெற்றவர்கள், 18 மாத முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.2 கிலோ கூடுதலாக எடை குறைத்திருந்தனர். சிட்னியில் முதன்முறையாக மனநோய்க்கு ஆளான இளைஞர்களிடம் நடந்த சிறிய ஆய்வு, தொடக்கத்திலேயே தலையிடுவதன் பலனைக் காட்டியது. 12 வாரங்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் எடை 7.8 கிலோ கூடியது. உணவு, உடற்பயிற்சி வழிகாட்டலும் சேர்ந்து பெற்றவர்களுக்குக் கூடியது 1.8 கிலோ மட்டுமே.

நோயாளியின் தட்டை மட்டும் மாற்றி, வீட்டில் மற்றவர்கள் பொரித்ததை உண்டால் எந்தத் திட்டமும் நிலைக்காது. "இவ்வளவு சாப்பிடுகிறாயே" என்று கேலி செய்வதைவிட, மாலையில் உடன் நடப்பது பெரிய உதவி. நாளுக்கு 30 நிமிட நடையை, அயர்வு குறைந்த வேளை பார்த்து, 10 நிமிடங்களாகப் பிரித்தும் தொடங்கலாம்.

மருத்துவர் செய்யக்கூடியவை

உணவும் நடையும் போதாதபோது வேறு வழிகள் உண்டு. எடை குறைவாகக் கூட்டும் மருந்துக்குப் படிப்படியாக மாற்றலாம். அளவை மறுபரிசீலனை செய்யலாம். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைச் சேர்க்கலாம். 2008-இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் 128 பேர் பங்கேற்றனர். மெட்ஃபார்மினுடன் வாழ்க்கைமுறை மாற்றமும் மேற்கொண்டவர்களின் உடல் நிறைக் குறியீடு 12 வாரங்களில் 1.8 குறைந்தது, வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கு 1.2 உயர்ந்தது. சிறுநீரகச் செயல்பாட்டைச் சோதித்த பின்னரே மருத்துவர் இதனைப் பரிந்துரைப்பார்.

ஊசி வழி எடைக் குறைப்பு மருந்துகளான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. இவற்றை மனநல மருத்துவருக்குத் தெரியாமல் வாங்கிப் பயன்படுத்துவது கூடாது.

கேட்பது உரிமை

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, சிகிச்சையையும் அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகளையும், தமக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் அறிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. மலையாளம் அறியாத தமிழர் திருவனந்தபுரத்தில் சிகிச்சை பெற்றாலும் இந்த உரிமை பொருந்தும். அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லலாம்: இந்த மருந்து எடையைக் கூட்டுமா? என் எடையையும் சர்க்கரையையும் எப்போது சோதிக்க வேண்டும்? எடை கூடினால் அடுத்து என்ன செய்வோம்?

மாத்திரையை நிறுத்தத் தோன்றும் நாளில், நிறுத்துவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு உதவக்கூடும். மத்திய அரசின் 'டெலி மானஸ்' இலவச மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணையும், கேரள அரசின் 'திசா' உதவி மையத்துக்கு 1056 என்ற எண்ணையும் அழைக்கலாம்.