வெள்ளைப் பட்டை, சிவப்புப் பட்டை

பிரான்ஸ் நாட்டின் கிராமப்புறங்களில் ஓக் மரக்காடு, கோதுமை வயல், மாடு மேயும் புல்வெளி என நாள் கணக்கில் நடந்துகொண்டே போகலாம். வழி சொல்வது பெயின்ட் அடையாளம்தான்! மரத்திலோ வேலிக்கம்பத்திலோ மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்று இரண்டு சிறு பட்டைகள் இருந்தால் அது நெடுந்தூரப் பாதை. ஒற்றை மஞ்சள் பட்டை என்றால் ஒரே நாளில் நடந்து முடிக்கக்கூடிய உள்ளூர்ப் பாதை. பட்டைகள் பெருக்கல் குறியாகக் குறுக்கே கிடந்தால், அந்தப் பக்கம் போகக் கூடாது.

முதல் நெடுந்தூரப் பாதையின் ஒரு பகுதி 1947-ல் லுவார் ஆற்றங்கரையில், ஓர்லேயான் நகருக்கு அருகே திறக்கப்பட்டது. இன்று அடையாளமிட்ட பாதைகளின் மொத்த நீளம் 1,80,000 கிலோமீட்டருக்கும் மேல். தூரிகையும் பெயின்ட் டப்பாவுமாக வந்து, மங்கிய பட்டைகளைப் புதுப்பித்து, வழியை மறைக்கும் கிளைகளையும் வெட்டிவிடுகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். எத்தனை பெரிய தொண்டு!

பல இடங்களில் பாதை விவசாயியின் சொந்த நிலத்துக்குள்ளேயே போகிறது. படலைத் திறந்து நுழைகிறவர் மறுபடி சாத்திவிட்டுத்தான் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் மாடுகள் வெளியேறிவிடும். இலையுதிர் காலமும் குளிர்காலமும் வேட்டைப் பருவம். அப்போது காட்டுக்குள் போகிறவர்கள், தூரத்திலிருந்தே கண்ணில் படும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை அணிவது நல்லது.