வால்நுனியில் இருக்கும் அடையாளம்

உகாண்டாவின் மேற்குப் பகுதியில் இருக்கும் கிபாலே தேசியப் பூங்காவுக்குப் பலரும் போவது சிம்பன்சிகளைப் பார்க்க. இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்வின் ஹெல்டன் மாணவர்களோடு அந்த மழைக்காட்டுக்குப் போய்ப் பூச்சிகளைத் தேடினார். 2018-இல் கிடைத்தவற்றுள் அரிசிமணி அளவே இருந்த ஒரு தத்துப்பூச்சியும் உண்டு. உடலெல்லாம் நுண்குழிகள்; மேலே உலோகப் பளபளப்பு.

அது தத்துப்பூச்சிதான் என்பதில் குழப்பமில்லை. பின்னங்காலில் வரிசையாக நிற்கும் முட்களே அந்தக் குடும்பத்தைக் காட்டிவிடும். எந்த இனம் என்பதுதான் சிக்கல். இதுவரை பெயரிடப்பட்ட தத்துப்பூச்சிகள் மட்டுமே 20,000-க்கு மேல். நிறத்தை நம்ப முடியாது: ஒரே இனத்துக்குள் நிறம் மாறும், வேறு வேறு இனங்கள் ஒன்றுபோலவே தெரியும்.

அதனால் வகைப்பாட்டாளர்கள் பார்ப்பது ஆண் பூச்சியின் வால்நுனியை. வயிற்றுப் பகுதியைக் கழற்றி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைப்பார்கள். சதை கரைந்துபோகும், கைட்டினாலான இனப்பெருக்க உறுப்பு மட்டும் தெளிவாக நிற்கும். அதைக் கிளிசரின் துளியில் இட்டு, நுண்ணோக்கியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு வளைவையும் வரைவார்கள். நெருங்கிய இனங்களைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் இந்த வளைவுகள்தான். பெண் பூச்சி மட்டும் கிடைத்தால் பல சமயம் பெயர் சொல்லவே முடியாது.

கிபாலே பூச்சியின் ஆண் உறுப்பில் ஒரு பகுதி இலை வடிவில் இருந்தது. ஃப்ளோகிஸ் என்னும் மிக அரிய பேரினத்தில் இது புதிய இனம். அந்தப் பேரினத்தின் பூச்சி அதற்கு முன் கடைசியாகப் பிடிபட்டது 1969-இல், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில். 2022-இல் ‘சூடாக்ஸா’ ஆய்விதழில் ஃப்ளோகிஸ் கிபாலென்சிஸ் என்ற பெயரோடு விவரம் வெளிவந்தது. இப்படிப் பெயரிடும்போது ஒரு பூச்சியை மூல மாதிரியாக அறிவிக்க வேண்டும். நாளை எவருக்குச் சந்தேகம் வந்தாலும் அதை எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள் நெல் வயலைப் பார்க்கலாம். ஒரே பேரினத்தைச் சேர்ந்த பச்சைத் தத்துப்பூச்சிகளில் நெஃபோடெட்டிக்ஸ் விரெசென்ஸ் துங்ரோ என்னும் நெற்பயிர் நோயை வெகு எளிதாகப் பரப்புகிறது. பார்வைக்கு அதையே ஒத்த நைக்ரோபிக்டஸ் அந்த அளவுக்குப் பரப்புவதில்லை. வயலில் இருப்பது எது என்று தெரிந்தால்தான் பயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணிக்க முடியும்.