கைத்தொலைபேசியில் திறக்காத இணையத்தளம் யாருக்காக?

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், காணி இழந்தோர், இழப்பீட்டுக்காகக் காத்திருப்போர் ஆகியோருக்காக இயங்கும் அமைப்புகள் பல இன்று தமக்கென இணையத்தளம் வைத்திருக்கின்றன. விண்ணப்பப் படிவம், அறிவித்தல், இறுதித் திகதி எல்லாம் அங்கே வெளியாகின்றன. ஆனால், அந்தத் தளங்களை உருவாக்குபவர்கள் பார்ப்பது அலுவலகக் கணினியின் அகன்ற திரையை. அவற்றைத் தேடி வருபவர்களின் கையில் இருப்பதோ பிள்ளைகள் பாவித்துவிட்டுக் கொடுத்த பழைய கைத்தொலைபேசி.

வடக்கில் இயங்கும் சில சிறிய அமைப்புகளின் தளங்களைச் சீரமைக்கும் வேலையில் நான் ஈடுபட்டு வருகிறேன். பெரும் செலவில்லாமல் செய்யக்கூடிய, ஆனால் அடிக்கடி கவனிக்கப்படாத சில விடயங்களை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலாவது, எழுத்து. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பக்கம், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகவே தெரியும். கடிதத்தைப் படம் பிடித்துப் பதிவேற்றினால், பெரிதாக்கும்போது வரிகள் திரைக்கு வெளியே ஓடிவிடும், தேடலிலும் அகப்படாது. ஒவ்வொரு அறிவித்தலையும் யூனிகோட் எழுத்தில் பக்கத்திலேயே இட வேண்டும். கண்பார்வை இழந்தவருக்குத் தொலைபேசி அதனை வாசித்துக் காட்டவும் அப்போதுதான் முடியும்.

இரண்டாவது, அகலமும் பாரமும். பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தும்படி உலாவிக்குச் சொல்லும் ஒரு வரிக் கட்டளை உண்டு. அது இல்லாவிட்டால், பல உலாவிகள் பக்கத்தை ஏறத்தாழ 980 பிக்சல் அகலமாக எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பளவாகும். அதேபோல, கமராவிலிருந்து நேரடியாக ஏற்றிய 4 எம்பி படத்தை 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துச் சுருக்கினால் பெரும்பாலும் 100 கேபி அளவில் நிற்கும். பத்துப் படங்கள் உள்ள பக்கத்தில் 40 எம்பிக்குப் பதிலாக 1 எம்பியே செலவாகும். ஐம்பது, நூறு ரூபாவாக ரீலோட் போடுபவருக்கு இது சிறிய விடயமல்ல.

மூன்றாவது, படிவம். அதிகம் பேர் பாதியில் கைவிடுவதை நான் காண்பது இங்கேதான். பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் இலக்கம் 12 எண்களைக் கொண்டது. புதிய வகையை மட்டும் ஏற்கும் படிவம், வயதானவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. பிறந்த திகதிக்கு நாட்காட்டியைத் திறந்தால், 1955இல் பிறந்த ஒருவர் மாதம் மாதமாக 800 தடவைக்கு மேல் பின்னோக்கித் தள்ள வேண்டும். நாள், மாதம், ஆண்டு என மூன்று பெட்டிகள் போதும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்துக் கேட்காமல் 'முழுப்பெயர்' என்று கேட்பதே எமது வழக்கத்துக்குப் பொருந்தும்.

பொத்தான்களின் அளவும் முக்கியம். அண்ட்ரொய்ட் வடிவமைப்பாளருக்கு கூகுள் பரிந்துரைப்பது சுமார் 9 மில்லிமீற்றர். ஷெல் வீச்சில் விரல்களை இழந்தவர்கள் வாழும் மண்ணில் அதனிலும் பெரிதாக வைப்பது தவறாகாது. தொடர்பு இலக்கத்தைத் தொட்டதும் அழைப்புப் போக வேண்டும்.

சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில், நிரப்பிய விபரங்கள் தொலைபேசியிலேயே சேமிக்கப்பட்டால் மீண்டும் முதலிலிருந்து எழுதத் தேவையில்லை. ஆனால், அயலவரின் தொலைபேசியை வாங்கி நிரப்புபவருக்கு அதுவே ஆபத்தாகலாம். ஆகவே, சேமிப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். எல்லாவற்றையும் அழிக்கும் பொத்தான் ஒன்றும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். பேஸ்புக் கணக்கு மூலம் உள்நுழையச் சொல்வதும், வேறு நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களை வைத்திருப்பதும் கூடாது. விசாரணைக்கு அஞ்சி வாழ்ந்த மக்கள், தம் பெயர் எங்கே போகிறது என்று கேட்பது நியாயமே.

இவற்றையெல்லாம் செய்த பின்பும், தளம் சரியா என்பதை அலுவலகத்தில் இருந்து தீர்மானிக்க முடியாது. பயனாளிகள் ஐந்து பேரை அழைத்து, அவர்களது தொலைபேசியிலேயே படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். உதவி செய்யாமல், எங்கே விரல் தயங்கி நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். திருத்த வேண்டிய இடம் அதுதான். பாதியில் மூடப்படும் ஒவ்வொரு படிவமும் பதிவாகாமற் போகும் ஓர் இழப்பு. இணைப்புப் பிழை என்று எங்காவது குறிக்கப்படலாம், ஆனால் அந்தக் குடும்பத்தின் பெயர் பட்டியலில் இருக்காது.