நம் பெயரில் வாரண்ட் இருக்கிறதா? தெரிந்துகொள்வது எப்படி?

 

உம்ராவுக்காகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதோ, விடுப்பில் வந்த பிள்ளை வளைகுடாவுக்குத் திரும்பும்போதோதான் பலருக்குப் பழைய வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. என்றோ கொடுத்த காசோலை, யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து, ஊர்த் தகராறில் சேர்க்கப்பட்ட பெயர் என்று அது ஏதாவது ஒன்றாக இருக்கும். அந்த வழக்கில் நீதிமன்றம் வாரண்ட் பிறப்பித்திருந்தால் 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். நள்ளிரவில் கதவு தட்டப்படவும் கூடும்.

இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள முடியும். பெரும்பகுதியை வீட்டில் இருந்தபடியே, ஒரு பைசா செலவில்லாமல் பார்க்கலாம். அதற்கான வழியை இந்த இதழில் சொல்கிறோம்.

வாரண்ட் தானாகக் காலாவதியாகாது

முதலில் இதை மனதில் வையுங்கள். வாரண்ட் என்பது நீதிபதி கையெழுத்திட்டு, நீதிமன்ற முத்திரையுடன் எழுத்தில் வரும் உத்தரவு. அது நிறைவேற்றப்படும் வரை, அல்லது அதைப் பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை உயிருடன் இருக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இதே நிலைதான். "பத்து வருஷம் ஆகிவிட்டது, இனி யார் கேட்கப் போகிறார்கள்?" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை.

பொதுவாக முதலில் சம்மன் வரும். அதற்கு ஆஜராகாவிட்டால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட். அதற்கும் வராவிட்டால் ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்ட். எடுத்த எடுப்பிலேயே கடைசி வகையைப் பிறப்பிக்கக் கூடாது, சம்மனில் தொடங்கிப் படிப்படியாகவே செல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2007-இல் அறிவுறுத்தியது. அதன் பிறகும் தலைமறைவாக இருப்பவரை அறிவிக்கப்பட்ட குற்றவாளியாகப் பிரகடனம் செய்யவும், சொத்தை ஜப்தி செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே எவ்வளவு சீக்கிரம் தெரிந்துகொள்கிறோமோ அவ்வளவு நல்லது.

தெரியாமலே வாரண்ட் வருவது எப்படி?

நம் குடும்பங்களில் இது பெரும்பாலும் மூன்று வழிகளில் நடக்கிறது.

ஒன்று, சம்மன் கைக்கு வராமல் போவது. குடும்பத் தலைவர் சவூதியிலோ துபாயிலோ இருப்பார், வீட்டில் பெண்கள் மட்டும் இருப்பார்கள். "ஆம்பளை யாரும் இல்லை" என்று சொல்லித் தபாலைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பழைய சட்டத்தில் வீட்டிலுள்ள வயது வந்த ஆணிடம்தான் சம்மனைக் கொடுக்க முடியும். புதிய சட்டத்தின் 66-ஆவது பிரிவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. உடன் வசிக்கும் வயது வந்த எந்த உறுப்பினரிடமும், மனைவியிடமோ தாயிடமோ கூட, கொடுக்கலாம். யாரும் வாங்காவிட்டால் ஒரு நகலை வீட்டு வாசலில் ஒட்டிவிட்டுப் போகலாம். அதை முறையாகச் சேர்ந்ததாகவே நீதிமன்றம் முடிவு செய்யவும் கூடும். எனவே சகோதரிகள் பயப்படாமல் சம்மனை வாங்கி, அதிலுள்ள வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், வாய்தா தேதி மூன்றையும் உடனே உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். சம்மனை வாங்குவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது.

இரண்டு, காவல் நிலையத்துக்கே போகாத வழக்குகள். காசோலை திரும்பிய வழக்கு, ஜீவனாம்ச வழக்கு போன்றவை நேராக நீதிமன்றத்தில் தாக்கல் ஆகின்றன. அவற்றுக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. "ஸ்டேஷனில் விசாரித்தேன், என் பேரில் ஒன்றும் இல்லை" என்பதால் வழக்கே இல்லை என்று ஆகிவிடாது.

மூன்று, ஜமாஅத்தில் பேசி முடித்த விவகாரங்கள். கணவன் மனைவி சேர்ந்துவிட்டார்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, ஜமாஅத் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இரு தரப்பும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் நீதிமன்றத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. அங்கே வாய்தா தொடர்கிறது, ஆள் வரவில்லை என்று வாரண்ட் பிறப்பிக்கப்படுகிறது. சமாதானம் செய்துவைப்பது நற்காரியம். ஆனால் அது நீதிமன்றப் பதிவிலும் ஏறினால்தான் முழுமையடையும். காசோலை வழக்கை இரு தரப்பும் சமரசம் செய்து அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வரதட்சணைக் கொடுமை போன்ற வழக்குகளில் இருவரும் ஒத்துக்கொண்டாலும் கீழ் நீதிமன்றத்தில் முடிக்க முடியாது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். சமரசக் கூட்டத்தில் அமரும் நிர்வாகிகள், "கோர்ட்டில் வழக்கு ஏதும் இருக்கிறதா?" என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இணையத்தில் பார்க்கும் முறை

பெயரை இட்டதும் வாரண்டுகளை மட்டும் காட்டும் பொதுப் பட்டியல் எதுவும் இல்லை. வழக்கைத் தேடி, அதன் நிலையைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அரசின் 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' இணையதளமும், அதே பெயரில் கைப்பேசிச் செயலியும் உள்ளன. கட்டணம் இல்லை.

முதலில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், வழக்குத் தரப்பினர் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். எண் ஏதும் தெரியாதவர்கள் பெயரையும் ஆண்டையும் கொண்டு தேடலாம். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என்ற இரண்டையும் பாருங்கள்.

இங்கே இரண்டு விஷயங்களில் கவனம் தேவை.

எந்த ஊர் நீதிமன்றம் என்பது முதலாவது. வழக்கு நம் தாலுகாவில்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். காசோலை வழக்கு பெரும்பாலும் பணம் பெற வேண்டியவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில் நடக்கும். ஜீவனாம்ச வழக்கை மனைவி தாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம். விபத்து வழக்கு, விபத்து நடந்த எல்லையில் இருக்கும். வியாபாரத் தொடர்பு இருந்த ஊர், சம்பந்தி ஊர், வண்டி ஓட்டிப் போன ஊர் எல்லாவற்றிலும் தேடுங்கள்.

பெயரின் எழுத்துகள் இரண்டாவது. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். முஹம்மது என்ற ஒரு பெயரையே 'ஓ' போட்டும், 'யூ' போட்டும், ஒரு 'எம்' வைத்தும், இரண்டு 'எம்' வைத்தும் எழுதுவதுண்டு. ஆதார் அட்டையில் இருப்பது போலவே வழக்கிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. முழுப் பெயரை இடாமல், மாறாத மூன்று நான்கு எழுத்துகளை மட்டும் இட்டுத் தேடுவது நல்லது. இன்னொரு பக்கம், ஒரே ஊரில் பத்து அப்துல் காதர் இருப்பார்கள். பெயர் ஒத்துப்போனதும் பதற வேண்டாம். தகப்பனார் பெயர், முகவரி, எதிர்த்தரப்பு யார் என்பதையும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

வழக்கு கிடைத்துவிட்டால் அதன் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அந்த எண் ஒன்றே போதும். அடுத்த வாய்தா தேதியும், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும். 'என்.பி.டபிள்யூ.' என்றிருந்தால் ஜாமீனில் வெளிவர முடியாத வாரண்ட் என்றும், 'பி.டபிள்யூ.' என்றிருந்தால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட் என்றும் பொருள். முந்தைய வாய்தா தேதிகளைத் தொட்டுப் பார்த்தால் அன்றன்று நடந்ததன் சுருக்கம் கிடைக்கும்.

நீதிமன்றத்தில் உறுதி செய்வது

இணையத்தில் வருவது தகவலுக்காக மட்டுமே. முடிவானது நீதிமன்றப் பதிவேடுதான். பழைய வழக்குகள் இணையத்தில் முழுமையாக ஏறாமலும் இருக்கலாம். எனவே சந்தேகம் இருந்தால் ஒரு வழக்கறிஞர் மூலம் அந்த நீதிமன்ற அலுவலகத்தில் விசாரியுங்கள். பிறப்பிக்கும் ஒவ்வொரு வாரண்டையும் வரிசை எண்ணுடன் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் நெறிமுறை வகுத்துள்ளது. தேவையான உத்தரவுகளுக்கு நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் பெறலாம்.

எஃப்.ஐ.ஆர். போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் உதவும். ஆனால் பாலியல் குற்றம் போன்ற சில வகை எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற மாட்டார்கள்.

வாரண்ட் இருந்தால் என்ன செய்வது?

ஓடி ஒளிய வேண்டாம். வழக்கறிஞருடன் நாமே நீதிமன்றத்துக்குச் சென்று, வாரண்டைத் திரும்பப் பெறக் கோரும் மனுவைக் கொடுக்க வேண்டும். இதைத்தான் 'ரீகால் மனு' என்கிறார்கள். வர முடியாமல் போனதற்கான காரணத்தை ஆதாரத்துடன் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருந்ததைக் காட்டும் பாஸ்போர்ட் பக்கம், மருத்துவமனைச் சீட்டு, முகவரி மாறியதற்கான சான்று ஆகியவை உதவும். தானாக வந்து நிற்பவரையும் பிடித்துக்கொண்டு வரப்பட்டவரையும் நீதிமன்றம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முடிவு நீதிபதியின் கையில்தான் என்பதால் ஜாமீன்தாரர்களையும் தயாராக வைத்துக்கொண்டு செல்லுங்கள்.

ரத்தானதும் அந்த உத்தரவின் நகலை வாங்கிக் கையில் வைத்திருங்கள். ரத்தான செய்தி காவல் நிலையத்துக்குப் போய்ச் சேராததால் கைது செய்யப்பட்டவர்கள் உண்டு. மேலே சொன்ன 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பே, ரத்து செய்யப்பட்ட வாரண்டின் பேரில் ஒருவரைக் கைது செய்த வழக்கில் வந்ததுதான்.

"வாரண்டை அமுக்கி வைக்கிறேன்" என்று பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். நீதிமன்றத்தைத் தவிர வேறு யாராலும் அதை ரத்து செய்ய முடியாது. வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை அழைக்கலாம், அல்லது வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இந்த உதவி உண்டு.

போலீஸ் வந்துவிட்டால்

வாரண்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. கையெழுத்து, முத்திரை, வழக்கு எண், தகப்பனார் பெயர் ஆகியவற்றைப் பாருங்கள். வாக்குவாதம் வேண்டாம். கைதானவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும். குடும்பத்தாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழ்நிலையில் நீதித்துறை நடுவரின் முன் அனுமதியுடன் பெண் காவல் அதிகாரி மட்டுமே கைது செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் வாரண்ட் படம் அனுப்பி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டிப் பணம் கேட்டால் அது மோசடி. அப்படியொரு கைது சட்டத்தில் கிடையாது. இணைப்பைத் துண்டித்துவிட்டு 1930-க்குப் புகார் சொல்லுங்கள்.

இணையத்தில் தேடத் தெரியாதவர்கள் ஆதார் நகல், பழைய சம்மன் அல்லது நோட்டீஸ் ஏதேனும் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து தேடிப் பார்த்துச் சொல்கிறோம். உங்கள் விவரம் வேறு எவருக்கும் போகாது. பயணத்துக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வந்தால், சரிசெய்துகொள்ளப் போதிய அவகாசம் இருக்கும்.