45 டிகிரியும் ஒரு சிவப்பு அட்டையும்

"நாளை வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸ்" என்று வானொலி அறிவிக்கிறது. இதைக் கேட்கும் ஒரு கட்டிடத் தொழிலாளி நாளை என்ன செய்ய வேண்டும்? அந்த எண்ணில் அதற்கு விடை இல்லை, அல்லவா?

குஜராத் மாநிலத்தின் அகமதாபாத் நகரில் 2010 மே மாதம் வெப்பநிலை 46.8 டிகிரியைத் தொட்டது. வழக்கமான மே மாதங்களைவிட அம்மாதம் 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2013-இல் அந்த மாநகராட்சி வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் இதுவே முதலாவது.

அத்திட்டம் எண்ணை நிறமாக மாற்றியது. 41.1 முதல் 43 டிகிரி வரை மஞ்சள், 43.1 முதல் 44.9 வரை ஆரஞ்சு. 45-உம் அதற்கு மேலும் சிவப்பு. துண்டுப் பிரசுரம், விளம்பரப் பலகை, செய்தித்தாள், கைபேசிக் குறுஞ்செய்தி, சுகாதாரப் பணியாளர் என்று பல வழிகளில் எச்சரிக்கை மக்களிடம் சென்றது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும்.

'தாகம் எடுக்காவிட்டாலும் நீர் அருந்துங்கள்' என்ற அறிவுரை சாதாரணமாகத் தோன்றலாம். அதன் பின்னுள்ள இயற்பியலைப் பாருங்கள். நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று 30 டிகிரியில் இருந்தால் உடலிலிருந்து வெப்பம் காற்றுக்குப் பாயும். காற்று 43 டிகிரியானால் பாயும் திசை மாறிவிடுகிறது. காற்றே உடலைச் சூடாக்குகிறது. மின்விசிறி வீசுவதும் சூடான காற்றுதான். அப்போது உடலைக் காப்பது வியர்வை ஒன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. (பிஸ்கட் பொட்டலத்தில் 'கலோரி' என்று அச்சிடுவது இதைப் போல் ஆயிரம் மடங்கு!) உடலில் நீர் குறைந்தால் வியர்வையும் குறையும்.

'வீட்டுக்குள் இருங்கள்' என்ற அறிவுரையோ எல்லோருக்கும் பொருந்தாது. தகரக் கூரை வீட்டின் உட்புறம் நண்பகலில் வெளியைவிடச் சூடாக இருக்கலாம். அந்த வீட்டாரிடம் வெறும் அறிவிப்பைக் கொடுத்து என்ன பயன்? 2017-இல் அகமதாபாத்தில் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கினார்கள்.

வெள்ளை எவ்வளவு உதவும் என்பதை நீங்களே அளக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு தகர டப்பாக்களை எடுங்கள். ஒன்றுக்குச் சுண்ணாம்பும் மற்றதற்குக் கறுப்பு வண்ணமும் பூசுங்கள். இரண்டிலும் சம அளவு நீர் ஊற்றி, மூடி, வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு வெப்பமானியால் அளந்து எழுதி வையுங்கள்.