ஒத்திக்குப் போகுமுன் வில்லங்கம் பாருங்கள்

"வாடகைக்கா, ஒத்திக்கா?" மதுரையில் வீடு தேடுகிறவரிடம் புரோக்கர் முதலில் கேட்பது இதைத்தான். வில்லாபுரமோ செல்லூரோ விளாங்குடியோ, எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சென்னைக்காரர்கள் லீஸ் என்றும் சில ஊர்களில் போக்கியம் என்றும் சொல்கிற அதே ஏற்பாடுதான் ஒத்தி. ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருஷம் வாடகையில்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே கைக்கு வர வேண்டும்.

கணக்குப் போட்டால் இனிக்கத்தான் செய்யும். ஒத்தித் தொகை 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அதை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 35,000 ரூபாய். மாதம் 3,000கூடத் தேறாது. அந்த வாடகைக்கு நகருக்குள் ஒரு குடும்பம் இருக்கத் தோதான வீடு கிடைப்பது கஷ்டம். வீட்டுக்காரருக்கும் ஆதாயம்தான். மகள் கல்யாணத்துக்கோ மாடி எடுக்கவோ வட்டியில்லாத பணம் மொத்தமாகக் கிடைக்கிறது.

பணத்தைத் திருப்பித் தரும் நாளில்தான் சிக்கல். வாங்கிய தொகை எப்போதோ செலவாகியிருக்கும். அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கித்தான் முந்தியவருக்குக் கொடுக்க முடியும் என்ற நிலையில் பல வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். "ஆள் வரட்டும், தந்துடுறேன்" என்ற வாக்கு மாதக்கணக்கில் இழுக்கும். தென் கொரியாவிலும் ஜியோன்சே என்ற பெயரில் இதே முறை உண்டு. அங்கே வீட்டு விலை சரிந்ததும் சங்கிலி அறுந்து, ஆயிரக்கணக்கானோர் பணத்தை இழந்தார்கள். ஏமாந்தவர்களுக்கு உதவ 2023இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

சட்டத்தின் கண்ணில் ஒத்தி என்பது அனுபவ அடமானம். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் அதைத் தெளிவாகவே சொல்கிறது: பணம் திரும்பும் வரை வீட்டைக் கையில் வைத்திருக்க ஒத்திக்காரருக்கு உரிமை உண்டு. ஆனால் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம் செல்லுபடியாக, இரண்டு சாட்சிகளோடு பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும். நடப்பது என்ன? முத்திரைத்தாளில் நாலு வரி எழுதி, தெரிந்தவர் இருவர் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை குத்தியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். நோட்டரி முத்திரை பதிவாகாது. அந்தத் தாளை வைத்துக் கொடுத்த பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாம். வீட்டின் மேல் பிடி இருக்காது. வீட்டுக்காரர் ஏற்கெனவே வங்கிக்கு அடமானம் வைத்திருந்து தவணை கட்டாமல் விட்டால், வங்கி வீட்டைக் கையகப்படுத்த வரும்போது ஒத்திக்காரர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

பதிவுக்குச் செலவாகும் என்பது உண்மை. அந்தச் செலவு யாருடையது என்பதைப் பேரத்திலேயே பேசி முடித்துக்கொள்ளலாம். பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுப்பது அதைவிட அவசியம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவர் தலையில் விழும். "ரொக்கமாக் குடுங்க தம்பி" என்று வற்புறுத்தும் வீட்டுக்காரரிடம் இதைப் பணிவாக எடுத்துச் சொல்லலாம்.

வாடகைக்குப் போகிறவர்களுக்கான சட்டம் வேறு. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிய வேண்டும். 11 மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்கலாம் என்று இச்சட்டம் சொல்வது குடியிருப்பவர் பலருக்குத் தெரியாது.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதினால் அதுவே நிற்கும். பத்து மாத அட்வான்ஸ் இன்னும் உயிரோடிருப்பது இந்த ஓட்டையால்தான். கையெழுத்துக்கு முன்பே பேச வேண்டிய விஷயம் இது. வாடகையை வங்கி வழியாகச் செலுத்தினால் வங்கிப் பதிவே ரசீது. வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். தகராறு என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க வீட்டுக்காரருக்கு அதிகாரம் கிடையாது.

கரண்ட் பில்லையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. சப் மீட்டர் வைத்து எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை போடும் வீட்டில் அந்த இலவசம் யார் கணக்கில் சேர்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒத்திக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமில்லாமலே பார்த்துக்கொள்ளலாம். அதோடு நின்றுவிடாமல், மூலப் பத்திரத்தைக் கண்ணில் காட்டச் சொல்லுங்கள். நகல்தான் இருக்கிறது என்று பதில் வந்தால், அசல் எந்த வங்கியில் இருக்கிறது என்று கேளுங்கள்.